208 பட்டன்களை அழித்த கதை

முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டானிலிருந்து முத்தையன்கட்டுப் பக்கம் போகும் வழியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஆரம்பப் பிரிவு ஆசிரியையாக இருக்கிறேன். எங்களிடம் ஒரு லப்டொப், ஒரு பழைய புரொஜெக்டர், சுவரில் ஆணி அடித்துக் கட்டும் ஒரு வெள்ளை வேட்டி இருக்கின்றன. இன்ரர்நெற் வரும், போகும். பாடவேளையில் அதை நம்பி ஒன்றையும் தொடங்க முடியாது. அதனால்தான் தரம் 4, 5 பிள்ளைகளுக்காக ஒரு வினாவிடை விளையாட்டைப் பவர்பொயின்றிலேயே செய்தேன்.

பிள்ளை முன்னால் வந்து மவுஸைப் பிடிக்கும். படத்தைப் பார்க்கும், இரண்டு வரி வாசிக்கும், கேள்வி வரும், விடையை அழுத்தும். முதல் பகுதி குளங்கள்: இரணைமடுவுக்குக் கனகராயன் ஆறு, முத்தையன்கட்டுக்குப் பேராறு, வவுனிக்குளத்துக்குப் பாலி ஆறு, மன்னார்ப் பக்கம் கட்டுக்கரைக் குளத்துக்கு அருவி ஆறு. இரண்டாவது பறவைகள். சுண்டிக்குளம் 1938இலேயே பறவைகள் சரணாலயமானது, அங்கே பூநாரை வரும் என்பதெல்லாம் அதில். மூன்றாவது பாலை, முதிரை, வீரை என்று எங்கள் காட்டு மரங்கள். எல்லாம் சேர்த்து 52 ஸ்லைட்.

ஒவ்வொரு ஸ்லைடின் அடியிலும் நான்கு பட்டன் வைத்தேன்: முகப்பு, முந்தையது, அடுத்தது, முடிவு. முதல் ஸ்லைடில் ஒழுங்காக வரைந்து, இணைப்புக் கொடுத்து, நான்கையும் சேர்த்துக் கொப்பி பண்ணி மற்ற 51 ஸ்லைடிலும் ஒட்டினேன். மொத்தம் 208 பட்டன். ஒரு பின்னேரம் முழுக்க அதற்கே போனது.

முதல் நாள் வகுப்பிலேயே பிழை தெரிந்துவிட்டது. ஜன்னல் காற்றுக்கு வேட்டியின் கீழ்ப்பக்கம் சுருண்டு சுருண்டு போனது. நிலத்தில் இருந்த பிள்ளைகளில் பின்னால் இருந்தவர்களுக்கு முன்வரிசைத் தலைகள்தான் தெரிந்தன, பட்டன் தெரியவில்லை. முன்னால் நிற்கும் பிள்ளைக்கு உதவி சொல்ல எல்லோருக்கும் ஆசை. ஆனால் எதை அழுத்தச் சொல்வது என்று பார்க்க முடியாமல் எழும்பி எழும்பி நின்றார்கள். பட்டன்களை மேல் விளிம்புக்குக் கொண்டு போக வேண்டும் என்று அப்போதே முடிவெடுத்தேன்.

அன்றிரவு இருந்து ஒவ்வொரு ஸ்லைடாக மேலே தூக்கி வைத்தேன். கண் களைத்துப் போய் 19ஆவது ஸ்லைடோடு நிறுத்தினேன். அடுத்த நாள் போட்டுப் பார்த்தால் இன்னொரு சிக்கல். பட்டன்கள் ஸ்லைடுக்கு ஸ்லைட் கொஞ்சம் கொஞ்சம் விலகி இருந்தன. நமக்கு அது பெரிதாகத் தெரியாது. ஆனால் மவுஸ் புதிதாகப் பிடிக்கும் ஒன்பது வயதுப் பிள்ளை, அம்புக்குறியை ஒரு இடத்தில் கொண்டு போய் நிறுத்தியபின் கையை அசைக்காமல் அதே இடத்திலேயே அழுத்திக்கொண்டு போகும். ஆறாவது ஸ்லைடில் அம்புக்குறிக்கு அடியில் பட்டன் இல்லை. பிள்ளை அழுத்துகிறது, ஒன்றும் நடக்கவில்லை. முகம் சுருங்கி, "நான் பிழையா செய்திட்டனோ ரீச்சர்?" என்று என்னைத் திரும்பிப் பார்த்தது. பிழை என்னுடையது. அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் இதை ஒழுங்காகப் படிக்க வேண்டும் என்று தோன்றியது.

கிளிநொச்சிப் பக்கம் உயர்தர வகுப்புக்குக் கணினி படிப்பிக்கும் ஒரு ஆசிரியரிடம் போனில் கேட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "ரீச்சர், அந்தப் பட்டனுகள ஏன் ஸ்லைடில வைச்சனீங்கள்? மாஸ்டரில வைக்க வேண்டியதெல்லோ?"

மாஸ்டர் ஸ்லைட் என்ற பெயர் எனக்குத் தெரியும். பின்னணி நிறம் மாற்றும் இடம் என்றுதான் நினைத்திருந்தேன். வியூ பட்டியலில் ஸ்லைட் மாஸ்டர் என்பதை அழுத்தினால் இடப்பக்கம் ஒரு பெரிய ஸ்லைடும் அதற்குக் கீழே சின்னச் சின்ன ஸ்லைடுகளும் தெரியும். பெரியது மாஸ்டர், சின்னவை லேஅவுட், அதாவது ஒவ்வொரு வகை ஸ்லைடுக்கும் உரிய அச்சு. மாஸ்டரில் ஒரு பட்டனை வைத்தால் அது எல்லா லேஅவுட்டிலும் வரும். லேஅவுட்டில் வைத்தால் அந்த லேஅவுட்டைப் பயன்படுத்தும் ஸ்லைடுகளில் மட்டும் வரும். பட்டனோடு அதற்குக் கொடுத்த இணைப்பும் சேர்ந்தே வரும், ஷோ ஓடும்போது அது வேலை செய்யும். இந்தக் கடைசி விஷயம்தான் எனக்குத் தெரியாமல் இருந்தது.

பின்னர் எங்கள் பள்ளிக்கூடத்து இன்னொரு ஆசிரியைக்கு இதைச் சொன்னபோது, அவர் வயல் செய்கிற வீட்டுக்காரி என்பதால் குளத்தை வைத்தே சொன்னேன். மாஸ்டர் என்பது குளம். லேஅவுட் என்பது கிளை வாய்க்கால். ஸ்லைட் என்பது வயல். நான் செய்தது, குளம் பக்கத்தில் இருக்க 52 வயலுக்கும் தனித்தனிக் கிணறு வெட்டிய வேலை. துருசில், அதாவது குளத்துத் தண்ணீரைத் திறக்கும் மதகில், செய்வது எல்லா வயலுக்கும் போய்ச் சேரும், ஒரு வாய்க்காலின் கதவில் செய்வது அந்த வாய்க்காலுக்குக் கீழே உள்ள வயல்களுக்கு மட்டும். வயலில் நின்று என்ன செய்தாலும் தண்ணீர் மேலே ஏறிக் குளத்துக்குப் போகாது. அவருக்கு உடனே விளங்கிவிட்டது. "அப்ப எந்தத் தண்ணிய எங்க திறக்கிறது எண்டதுதான் கதை" என்றார். அதுதான் கதை. நான் அதிலும் ஒரு தரம் பிழை விட்டுத்தான் பழகினேன்.

முதலில் நான்கு பட்டனையும் மாஸ்டரிலேயே வைத்தேன். ஒரு பெட்டி வரைந்து, அதைத் தெரிவு செய்து, இன்சேர்ட் பட்டியலில் அக்ஷன் என்பதை அழுத்தினால் எங்கே போக வேண்டும் என்று கேட்கும். அடுத்த ஸ்லைட், முந்தைய ஸ்லைட், முதல் ஸ்லைட், கடைசியாகப் பார்த்த ஸ்லைட், ஷோவை முடி, குறிப்பிட்ட ஒரு ஸ்லைட் என்று எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கும். வரைய விருப்பமில்லாதவர்களுக்கு ஷேப்ஸ் பட்டியலின் அடியில் வீடு, அம்பு போட்ட அக்ஷன் பட்டன்கள் தயாராகவே இருக்கின்றன. ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: இணைப்பைப் பெட்டிக்குக் கொடுங்கள், அதற்குள் இருக்கும் எழுத்துக்குக் கொடுக்காதீர்கள். எழுத்துக்குக் கொடுத்தால் அடிக்கோடு விழும், நிறம் மாறும். அதைவிட மோசம், எழுத்தில் சரியாக அழுத்தினால்தான் வேலை செய்யும். பிள்ளைகள் பெட்டியின் ஓரத்தில்தான் அழுத்துவார்கள்.

பிறகு பழைய 208 பட்டனையும் அழிக்கும் வேலை. அதற்குக் குறுக்கு வழி கிடைக்கவில்லை. ஒவ்வொரு ஸ்லைடாகப் போய், நான்கையும் சேர்த்துத் தெரிவு செய்து அழித்தேன். சில இடத்தில் பழைய பட்டன் புதியதன் மேலேயே சரியாகப் படிந்து கிடந்ததால் கண்ணுக்குத் தப்பிவிட்டது. பின்னர் மாஸ்டரில் பட்டனை நகர்த்தியபோது அந்த ஸ்லைடுகளில் மட்டும் இரண்டிரண்டு முகப்பு தெரிந்தது. ஆல்ட் விசையோடு எஃப்10 அழுத்தினால் அந்த ஸ்லைடில் என்னென்ன பொருள் இருக்கின்றன என்ற பட்டியல் பக்கத்தில் திறக்கும். மாஸ்டரில் உள்ளவை அந்தப் பட்டியலில் வராது. ஆகவே அங்கே ஒரு பட்டன் பெயர் தெரிந்தால் அது பழையது, பயமில்லாமல் அழிக்கலாம்.

எல்லாம் முடித்து வகுப்பில் போட்டேன். ஒரு பெடியன் கேள்வி வந்ததும் விடையைத் தொடாமலே "அடுத்தது" என்பதை அழுத்தினான். அடுத்த கேள்விக்கும் அதையே செய்தான். ஐந்து நிமிடத்தில் முழு விளையாட்டையும் முடித்துவிட்டு "முடிஞ்சுது ரீச்சர்!" என்று சந்தோஷமாகப் போய் இருந்தான். அவனில் பிழை இல்லை. கேள்விப் பக்கத்தில் "அடுத்தது" என்று ஒரு வழி திறந்து வைத்தது நான்.

அன்றைக்குத்தான் ஒவ்வொரு பட்டனையும் தனித்தனியாக யோசித்தேன். எல்லாப் பக்கத்திலும் உண்மையிலேயே வேண்டியது எது? முகப்பு ஒன்றுதான். அதை மட்டும் மாஸ்டரில் விட்டேன். முந்தையதும் அடுத்ததும் வாசிக்கிற பக்கங்களுக்கு உரியவை, அவற்றை அந்த லேஅவுட்டுக்கு இறக்கினேன். முடிவு அட்டைப் பக்கத்துக்கு மட்டும் போதும். அட்டைப் பக்கத்தில் முகப்புப் பட்டன் தேவையில்லை, அதனால் அந்த லேஅவுட்டில் ஹைட் பக்கிரவுண்ட் கிராஃபிக்ஸ் என்ற கட்டத்தில் சரி போட்டேன். மாஸ்டரிலிருந்து வரும் வரைபொருள் எல்லாம் அங்கே மறைந்துவிடும். எல்லாம் என்றால் எல்லாமும்தான், பாடசாலைச் சின்னம் மாஸ்டரில் இருந்தால் அதுவும் போகும். மாஸ்டரை இலேசாக வைத்திருக்க இது இன்னொரு காரணம்.

வாசிக்கிற பக்கங்களின் மேல் விளிம்பில் குளம், பறவை, மரம் என்று பகுதியின் பெயர் எழுதிய மூன்று தாவல்கள் (டாப்) வைத்தேன். ஒரு லேஅவுட்டைச் செய்துவிட்டு, டூப்ளிகேற் லேஅவுட் கொடுத்து, இரண்டாவதில் பறவைத் தாவலையும் மூன்றாவதில் மரத் தாவலையும் கடும் பச்சையாக்கினேன். தான் எந்தப் பகுதியில் நிற்கிறது என்று பிள்ளைக்கு வாசிக்காமலே தெரியும்.

அதன் பிறகு செய்த கேள்விப் பக்கங்கள்தான் எனக்கு மிகப் பெரிய உதவியாக அமைந்தன. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

புலமைப்பரிசில் வினாத்தாள் போலவே ஒவ்வொரு கேள்விக்கும் 1, 2, 3 என்று மூன்று விடை. முன்பு ஒவ்வொரு கேள்வியிலும் மூன்று விடைக்கும் நானே இணைப்புக் கொடுத்தேன். 20 கேள்விக்கு 60 இணைப்பு. புது முறையில் மூன்று கேள்வி லேஅவுட் செய்தேன். பார்வைக்கு மூன்றும் ஒன்றே. இடப்பக்கம் 1, 2, 3 என்று மூன்று வட்டப் பட்டன், ஒவ்வொன்றுக்கும் வலப்பக்கம் விடை எழுதும் பெட்டி. வித்தியாசம் இணைப்பில் மட்டும்தான். முதல் லேஅவுட்டில் 1ஆம் வட்டம் அடுத்த ஸ்லைடுக்குப் போகும், மற்ற இரண்டும் "இன்னொரு தரம் யோசி" என்ற பக்கத்துக்குப் போகும். இரண்டாவது லேஅவுட்டில் 2ஆம் வட்டம் சரி. மூன்றாவதில் 3ஆம் வட்டம் சரி. கேள்வி ஸ்லைடுக்கு அடுத்த ஸ்லைட் எப்போதும் அந்தக் கேள்வியின் விளக்கப் பக்கம்.

"இன்னொரு தரம் யோசி" பக்கம் முழுக் கோப்புக்கும் ஒன்றே ஒன்று. அதில் ஒரே ஒரு பட்டன், அது "கடைசியாகப் பார்த்த ஸ்லைட்" என்ற இணைப்போடு. எந்தக் கேள்வியிலிருந்து வந்தாலும் அந்தக் கேள்விக்கே திரும்பக் கொண்டு போய் விடும். அந்த ஸ்லைடைக் கோப்பின் கடைசியில் வைத்து ஹைட் ஸ்லைட் கொடுத்துவிட்டேன். மறைத்த ஸ்லைட் வரிசையில் வராது, ஆனால் இணைப்பு வழியாகப் போனால் திறக்கும். அந்தப் பக்கத்தில் முகப்பு உட்பட வேறு எந்த வழியும் வைக்கவில்லை. பிழை விட்ட பிள்ளை கேள்விக்குத் திரும்பிப் போக வேண்டும், ஓடிப் போகக் கூடாது.

இதனால் கேள்வி சேர்ப்பது எவ்வளவு சுலபமானது என்றால், இணைப்பு என்றாலே பயப்படும் என் சக ஆசிரியை இப்போது தானே கேள்வி போடுகிறார். புது ஸ்லைட் எடுத்து, சரியான விடை எந்த இலக்கமோ அந்த லேஅவுட்டைத் தெரிவு செய்து, கேள்வியையும் மூன்று விடையையும் எழுதினால் வேலை முடிந்தது. ஒரு இணைப்பையும் தொட வேண்டியதில்லை.

இதில் வரக்கூடிய பிழை ஒன்றுதான், ஆனால் பெரிய பிழை. லேஅவுட்டை மாற்றிப் போட்டால் சரியான விடையைப் பிழை என்று சொல்லிவிடும். எனக்கே நடந்தது. முத்தையன்கட்டுக் குளத்துக்குத் தண்ணீர் வரும் ஆறு எது என்ற கேள்விக்கு ஒரு சிறுமி பேராற்றை அழுத்தினாள். "இன்னொரு தரம் யோசி" என்று வந்தது. திரும்பிப் போய் மீண்டும் பேராற்றையே அழுத்தினாள். மூன்றாம் முறையும் அதுதான். பிறகு என்னைப் பார்த்து, "கொம்பியூட்டர் பிழையா சொல்லுது ரீச்சர். பேராறுதான். அப்பாவோட போய்ப் பாத்தனான்" என்றாள். வகுப்பு முழுக்க அமைதி. நான் ஷோவை நிறுத்தி, ஸ்லைடைப் பார்த்து, "நீ சொன்னதுதான் சரி பிள்ளை, நான்தான் பிழையாப் போட்டிட்டன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். அன்றிரவே மூன்று லேஅவுட்டிலும் ஸ்லைட் எல்லைக்கு வெளியே, மேலே, "சரியான விடை 1", "சரியான விடை 2", "சரியான விடை 3" என்று எழுதி வைத்தேன். ஸ்லைடைத் தயாரிக்கும்போது அது கண்ணில் படும், ஷோவில் தெரியாது. லேஅவுட்டின் பெயரையும் வலது கிளிக்கில் ரீநேம் கொடுத்து அப்படியே மாற்றினேன்.

கேள்விப் பக்கத்திலும் தாவல் வைக்கலாம் என்று ஒரு கட்டத்தில் ஆசைப்பட்டேன். மூன்று பகுதி, மூன்று விடை என்றால் ஒன்பது லேஅவுட். பட்டியலைத் திறந்தாலே எதை எடுப்பது என்று தலை சுற்றும். விட்டுவிட்டேன். இப்போது அட்டைக்கு ஒன்று, வாசிக்க மூன்று, கேள்விக்கு மூன்று, "யோசி" பக்கத்துக்கு ஒன்று என்று எட்டுதான். தேவையில்லாத பழைய லேஅவுட்டுகளை அழித்துவிட்டேன்.

வட்டப் பட்டனையும் விடைப் பெட்டியையும் ஏன் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன் என்றால், மாஸ்டரிலோ லேஅவுட்டிலோ உள்ள பட்டன் எப்போதும் அடியில்தான் கிடக்கும். ஸ்லைடில் நாம் வைக்கும் படமும் எழுத்தும் அதன் மேல்தான் வரும், அதை மாற்ற முடியாது. இரணைமடுவின் படத்தைப் பெரிதாக இழுத்துவிட்ட ஒரு ஸ்லைடில் முகப்புப் பட்டன் குளத்துக்கு அடியில் காணாமல் போயிருந்தது. இப்போது லேஅவுட்டிலேயே படத்துக்கான இடத்தை இன்சேர்ட் பிளேஸ்ஹோல்டர் மூலம் வைத்துவிட்டேன். படம் அந்தச் சட்டத்துக்குள் போய் இருக்கும், மேல் விளிம்பு பட்டனுக்கு மட்டும்.

பட்டனுக்கு வெளியே அழுத்தினாலும் ஸ்லைட் அடுத்ததற்குப் போய்விடும் பிரச்சினைக்கு, செற் அப் ஸ்லைட் ஷோவில் கியோஸ்க் என்பதைத் தெரிவு செய்யுங்கள். பிறகு பட்டன்கள் மட்டும்தான் வேலை செய்யும், அம்புக்குறி விசைகூட நகர்த்தாது. ஆனால் அதற்கு முன் ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் வெளியே போக ஒரு வழி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கத்தில் பட்டன் விடுபட்டால் எஸ்கேப் அழுத்தி வெளியே வருவதைத் தவிர வேறு வழியில்லை.

எழுத்துருவைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் இன்னும் பலர் பாமினியில்தான் எழுதுகிறார்கள், நானும் பட்டன்களை அதில்தான் எழுதியிருந்தேன். வேறொரு பள்ளிக்கூடத்து லப்டொப்பில் பாமினி இல்லை. பட்டன் எல்லாம் ஆங்கில எழுத்தாகி, குற்று வர வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி நின்றது. யூனிகோடில் திரும்ப எழுதினேன். பட்டன்கள் மாஸ்டரிலும் லேஅவுட்டிலும் இருந்ததால் அவற்றுக்குப் பத்து நிமிடம்தான் பிடித்தது.

என் சக ஆசிரியை ஒரு நாள் போன் எடுத்து, "முகப்புப் பட்டனைத் தெரிவு செய்யவே ஏலாமக் கிடக்கு, கோப்பு பழுதாப் போச்சோ?" என்று கேட்டார். பழுது இல்லை. மாஸ்டரில் உள்ளதைச் சாதாரண ஸ்லைடில் தொட முடியாது. அவர் எழுத்தைத் திருத்தும்போது பட்டன் தவறுதலாக நகராமல் இருப்பதும் அதனால்தான். வேறொருவருக்கு இந்தக் கோப்பைக் கொடுக்கும்போது இந்த ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொரு தரம் "யோசி" ஸ்லைடையே தெரியாமல் அழித்துவிட்டேன். குறிப்பிட்ட ஒரு ஸ்லைடுக்குக் கொடுத்த இணைப்பு, அந்த ஸ்லைடை வேறு இடத்துக்கு நகர்த்தினால் கூடவே போகும். அழித்தால் அறுந்துவிடும், அதே போல இன்னொன்று செய்து வைத்தாலும் தானாக ஒட்டாது. பழைய முறையாக இருந்தால் 40 இணைப்பைத் திருத்தியிருப்பேன். மூன்று லேஅவுட்டில் ஆறு இணைப்பைத் திருத்தியதோடு முடிந்தது.

போன மாதம் வேட்டிக்குப் பதிலாக ஒரு வெள்ளைப் பலகை கிடைத்தது. அதன் மேல் மூலையில் வெளிச்சம் பட்டு முகப்புப் பட்டன் மங்கலாகத் தெரிந்தது. இடைவேளை மணி அடித்துப் பிள்ளைகள் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் மாஸ்டரைத் திறந்து அதை இடப்பக்கம் நகர்த்தி வைத்துவிட்டேன். வந்து இருந்தவர்கள் கவனிக்கக்கூட இல்லை.

புள்ளிக் கணக்கு மட்டும் இன்னும் பவர்பொயின்றுக்குள் வரவில்லை. அதற்கு மாக்ரோ என்ற சின்ன நிரல் எழுத வேண்டும், எனக்கு அது தெரியாது. முதல் தரத்திலேயே சரியான விடையை அழுத்தும் பிள்ளைக்கு ஒரு புளியங்கொட்டை. மேசையில் ஒரு சிரட்டை நிறைய வைத்திருக்கிறேன். பேராறு என்று மூன்று தரம் அழுத்திய சிறுமிக்கு அன்றைக்கு மூன்று கொட்டை கொடுத்தேன். மூன்றையும் எண்ணிப் பார்த்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனாள்.